பைய... பைய வாயைத் திற ராசா!

ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் அது தொடங்கும். அக்கா மகன் பாயிலிருந்து எழுந்துபோய், வலது கன்னத்தைக் கதவு நிலையில் கொண்டு மோதுவான். ஒரே இடம், ஒரே வேகம். தடுத்தால் தடுத்தவர் கையைக் கடிப்பான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம். அவனிடம் இருந்த சொற்கள் பத்தோ பன்னிரண்டோதான். தண்ணி, தோசை, பஸ், யானை எல்லாம் அதில் உண்டு. ‘வலி’ கிடையாது.

திருநெல்வேலி டவுணில், தேர் ஓடும் ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று வாரம் யாருக்கும் உறக்கமில்லை. மூளைக் கோளாறு முற்றிவிட்டது என்றார் ஒரு மாமா. மாத்திரை அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆச்சி மிளகாய் வற்றலும் உப்பும் சுற்றிப் போட்டாள். கடைசியில் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் கேட்டாள்: “முறுக்கை இடது பக்கமே வச்சுக் கடிக்கான், கவனிச்சீயளா?” அன்று இரவு அவன் அசந்து தூங்கும்போது அக்கா உதட்டைப் பைய விலக்கினாள், நான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் மிளகு போகிற அளவு குழி. பக்கத்து ஈறில் சீழ் கோத்த சின்னக் கொப்புளம்.

பெரியவர்கள் நான்கு பேர் இருக்கிற வீடு. மூன்று வாரமாக ஒருவருக்கும் அவன் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் குற்ற உணர்ச்சிதான் முதல் காரணம். பல்வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர். திடீரென்று சாப்பாட்டைத் தள்ளுவது, தலையில் அடித்துக்கொள்வது, காதைப் பிடித்து இழுப்பது, விரலை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது, ராத்திரி முழிப்பது என்று அவர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். ‘அந்தப் பிள்ளை அப்படித்தான்’ என்று நாம் கடந்துபோய்விடுகிறோம்.

மறுநாளே பல் டாக்டரைத் தேடி ஓடினோம். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. கடைத்தெருவில் மாடியில் இயங்கும் எத்தனையோ கிளினிக்குகளில் ஒன்று. செங்குத்தான குறுகல் படி. மேலே ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. உள்ளே யாருக்கோ பல்லைக் கடைகிற ‘கிர்ர்’ சத்தம். அவன் அந்தச் சத்தத்துக்கே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிட்டான். எங்கள் முறை வந்ததும் ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடிக்கச் சொன்னார்கள். நானும் பிடித்தேன், அவன் வலது காலை. முகத்துக்கு நேரே அந்தப் பெரிய லைட் எரிந்ததும் அவன் எழுப்பிய குரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. வாய்க்குள் கண்ணாடிகூடப் போகவில்லை. “இந்தப் பிள்ளைக்கு இங்க முடியாதும்மா, மெட்ராஸ் கொண்டு போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் அவன் பிரஷ்ஷைக் கண்டாலே ஓடினான்.

அந்த டாக்டரைத் திட்டுவது எளிது. நான் திட்டவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடுகிற இடத்தில் இந்தப் பிள்ளைக்குத் தேவையான நேரத்துக்கு இடமே இல்லை. படிக்கிற காலத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகாத பல் மருத்துவர்களும் உண்டு. குழந்தைகள் பல் மருத்துவம் என்பது பி.டி.எஸ். முடித்தபின் தனியாகப் படிக்கும் மேற்படிப்பு. படித்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பதில்லை.

சரி, இந்தப் பிள்ளைகளின் பல் ஏன் சீக்கிரம் கெடுகிறது? அவர்களின் பல் மண்ணால் செய்ததல்ல. நம் பல்லைப் போன்றதுதான், சுற்றி நடப்பதுதான் வேறு.

நம் ஊர் அல்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, சீனியும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய சூடான அல்வா, வாழையிலைத் துண்டில் விழுந்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. ஆனால் முழுதாகப் போவதில்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒரு துணுக்கு ஒட்டும். உடனே நம் நாக்கு தானாக அங்கே போய்த் துழாவி அதை எடுத்துவிடும். எச்சில் கழுவிவிடும். நாம் இதைச் செய்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு அந்த நாக்கு அப்படிச் சுழலாது. கன்னத்தசை ஒத்துழைக்காது. காலையில் ஊட்டிய இட்லி மதியம்வரை கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடங்கிக் கிடக்கும். வாயில் இருக்கிற கிருமி அந்த மாவையும் சீனியையும் தின்று அமிலமாக மாற்றும். அமிலம் பல்லின் மேலோட்டைக் கரைக்கும். பூச்சிப்பல் என்று நாம் சொல்வதில் பூச்சி எதுவும் கிடையாது, இந்தக் கரைசல்தான்.

இதோடு மருந்தும் சேர்கிறது. வலிப்புக்குக் கொடுக்கிற சிரப் பலவற்றில் கசப்பை மறைக்க இனிப்புச் சேர்த்திருப்பார்கள். படுக்கப்போகும் நேரத்தில் அதைக் கொடுத்து அப்படியே உறங்க வைக்கிறோம். உறக்கத்தில் எச்சில் குறைவு, ராத்திரி முழுக்கப் பல் அந்த இனிப்பில் ஊறுகிறது. கொடுத்தபின் இரண்டு வாய் தண்ணீர் குடிக்க வைத்தால் ஆபத்து குறையும். இந்த ஒரு வரியை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தால் எத்தனை பற்கள் பிழைக்கும்! வலிப்புக்கான இன்னொரு பழைய மருந்து ஃபெனிட்டாயின். அது ஈறைத் தடிக்க வைக்கும், சில பிள்ளைகளுக்குப் பல்லையே மூடுகிற அளவு ஈறு வளரும். 1939-லேயே மருத்துவ உலகம் பதிவு செய்த விஷயம் இது. ஈறு வீங்குகிறதே என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு வந்துவிடும். டாக்டரிடம் சொல்லி மாற்ற முடியுமா என்று கேட்கவேண்டும். வாய் சுத்தமாக இருந்தால் அந்த வீக்கமே பெருமளவு மட்டுப்படும்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் கதை வேறு. பல் தாமதமாக முளைக்கும், சில பல் முளைக்காமலே போகும். சொத்தை அவ்வளவு வராது, ஆனால் ஈறு நோய் இளம் வயதிலேயே பிடித்துக்கொண்டு நல்ல பல்லையும் ஆட்டிவிடும். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது. புண்பட்ட ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி இதயத்தின் உள்சுவரைத் தாக்கலாம். எனவே சிலருக்குப் பல் பிடுங்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்கவேண்டியிருக்கும். பல் டாக்டரிடம் போகும்போது எக்கோ ரிப்போர்ட்டை எடுத்துப் போகவேண்டும் என்பது பல தாய்மாருக்குத் தெரிவதில்லை. பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே நாமெல்லாம் நினைக்கிறோம்?

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும், சிலருக்கு மனவருத்தமாக இருந்தாலும். பிள்ளை பத்து வினாடி உட்கார்ந்தால் ஒரு மிட்டாய், பந்தைச் சரியாகப் போட்டால் ஒரு ஜெம்ஸ் என்று பயிற்சி கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. வீட்டிலும் அதே. அழுகையை நிறுத்த அல்வா, பஸ்ஸில் ஏற்ற பிஸ்கட். நாள் முழுக்க வாயில் இனிப்பு ஊறிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குப் பகை. அக்கா மகனுக்கு இப்போது மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர். பேருந்துப் படம் போட்ட ஸ்டிக்கர் என்றால் உயிரையே கொடுப்பான்.

கதைக்கு வருகிறேன். ஒருவர் சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு பெண் பல் மருத்துவரைப் பிடித்தோம். அவர் முதலில் செய்தது, வலிக்கும் சீழுக்கும் மருந்து எழுதிக் கொடுத்தது. “வலி அடங்காம எந்தப் பழக்கமும் ஏறாதுக்கா” என்றார். பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு, வேறு யாரும் இல்லாத நேரத்துக்கு வரச்சொன்னார். முதல் நாள் அவன் வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே மீன்தொட்டியைப் பார்த்தான், வீட்டுக்கு வந்துவிட்டோம். அவ்வளவுதான் அன்றைய சிகிச்சை. இரண்டாம் நாள் நாற்காலியில் அக்கா படுத்தாள், அவன் பக்கத்தில் நின்று அது ஏறி இறங்குவதைப் பார்த்தான். மூன்றாம் நாள் அவனே ஏறிப் படுத்தான். லைட்டை முகத்தில் அடிக்கவில்லை, கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். நான்காம் நாள் சின்னக் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தார் டாக்டரம்மா. அவன் அதை நக்கிப் பார்த்தான், முகர்ந்தான், கடைசியில் தானே வாய்க்குள் விட்டுக்கொண்டான். ஆனால் டாக்டரம்மா பார்க்க வாயைத் திறக்க மட்டும் மறுத்தான். அக்காவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி என்றால் அவனுக்கு உலகம். வெள்ளிக்கிழமை தவறாமல் பழத்தோடு போவோம். தும்பிக்கையைத் தூக்கி அது வாயைத் திறக்கும்போது இவனும் கூடவே திறப்பான். “காந்திமதி எப்படித் தொறக்கும்? பைய... ஆ...” என்றாள் அக்கா. திறந்தான். டாக்டரம்மா ஐந்துவரை எண்ணிவிட்டுக் கண்ணாடியை எடுத்துவிட்டார். ஐந்து என்று சொன்னால் ஐந்து, ஆறுவரை போகக்கூடாது. அந்த நம்பிக்கை ஒரு தடவை உடைந்தால் மறுபடி ஒட்டவைக்க மாதக்கணக்காகும்.

இது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. முதலில் சொல், பிறகு காட்டு, அப்புறம் செய் என்கிற முறையை 1959-லேயே அமெரிக்கப் பல் மருத்துவர் அடல்ஸ்டன் எழுதிவைத்தார். குழந்தைகள் பல் மருத்துவம் படிக்கிற எவருக்கும் இது பாலபாடம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வைத்து நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வும் இதை ஒட்டியதுதான். வெளிச்சத்தைக் குறைத்து, மெல்லிய இசை வைத்து, உடம்பை இதமாக அணைத்துப் பிடிக்கும் உறை ஒன்றைப் போர்த்திச் சிகிச்சை செய்தபோது, பிள்ளைகளின் பதற்றம் அளக்கக்கூடிய அளவுக்குக் குறைந்தது. இதற்கெல்லாம் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு திரைச்சீலையும் கறுப்புக் கண்ணாடியும் கூட்டமில்லாத ஒரு மத்தியானமும் போதும்.

அவன் வாய்க்குள் இரண்டு பால் பற்கள் பிடுங்கவேண்டிய நிலையில் இருந்தன, இன்னும் நான்கில் சொத்தை தொடக்கம். அந்த நான்குக்கும் டாக்டரம்மா ஊசியும் போடவில்லை, கடையவும் இல்லை. சின்ன பிரஷ் நுனியில் ஒரு சொட்டுத் திரவத்தைத் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் வைத்தார். சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்று பெயர். வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு பல்லை இறுக்குகிறது. ஜப்பானில் அரை நூற்றாண்டாகப் புழங்குவது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஒரே குறை, சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மறுபடி தடவவேண்டும். நரம்புவரை போன சொத்தைக்கு இது உதவாது. “கறுத்துப் போகுமே, நாலு பேர் கேப்பாங்களே” என்று அத்தான் தயங்கினார். அக்கா சொன்னாள்: “நாலு பேரா ராத்திரி முழிச்சிருக்காங்க?”

பிடுங்கவேண்டிய இரண்டுக்கு முழு மயக்கம் தேவைப்பட்டது. அதைப் பற்றி நம் ஊரில் பெரும் பயம் இருக்கிறது. பயப்படவேண்டிய விஷயம்தான், ஆனால் மறுக்கவேண்டிய விஷயம் அல்ல. ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதல் எல்லாம் முடித்து, வெறும் வயிற்றோடு காலையில் கொண்டுபோய், ஒரே மயக்கத்தில் பிடுங்குவது, அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாவற்றையும் முடித்துவிடலாம். நான்கு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்கிற கொடுமையைவிட இது எவ்வளவோ கண்ணியமானது. சிக்கல் செலவிலும் தூரத்திலும்தான். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தொடங்கியது, 2023-ல் புதுக்கோட்டைக்கு ஒன்று வந்தது. தாமிரபரணிக் கரைக்கு இன்னும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வரவில்லை. ஆனால் 1965-ல் தொடங்கிய நம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மயக்க மருந்து, குழந்தை மருத்துவம், பல் மருத்துவம் மூன்றும் ஒரே வளாகத்தில் கூடுகிற இடம் அது. வாரத்தில் ஒரு காலைப்பொழுது, ஒரே ஒரு ஆபரேஷன் மேஜை, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் பல்லுக்கென்றே ஒதுக்க முடிந்தால், பாபநாசம் மலையடியிலிருந்து ஸ்ரீவைகுண்டம்வரை எத்தனை தாய்மார் மெட்ராஸ் ரயிலைப் பிடிக்கவேண்டிய கட்டாயம் நீங்கும்! அரசிடம் இதைக் கேட்கவேண்டியது நம் கடமை.

இது இரந்து கேட்பதும் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 25-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு மருத்துவமனையோ தனியாரோ, எல்லாப் பகுதிக்கும் தடையில்லாமல் போய்வர வழி வேண்டும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை வேண்டும். செங்குத்துப் படியேறிப் போகிற கிளினிக்கும், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பும் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறப்பிலிருந்து 18 வயதுவரை பரிசோதிக்கவேண்டிய பட்டியலில் பல் நோயும் உண்டு. அந்தத் திட்டப்படி அமையும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பல் மருத்துவருக்கும் இடம் இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை உதவுகிறது. புறநோயாளிச் செலவும், வருமுன் காக்கும் பல் கவனிப்பும் அதில் சேரும். அக்காவுக்கு இதைச் சொன்னது எந்த அலுவலகமும் அல்ல, பள்ளி வாசலில் காத்திருந்த இன்னொரு தாய்தான்.

இந்தச் சீமைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தோளில் சுமந்த மரபு உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காதுகேளாதோர் பள்ளியும் நூறாண்டு தாண்டியவை. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னால் அவரோடு தோள் கொடுத்தவர், தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ வந்தது. அங்கிருந்து சமூகப் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய், சின்ன வயதிலேயே குறைபாட்டைக் கண்டறிந்து பயிற்சி கொடுக்கிறார்கள். பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போவது என்கிற அந்த வழி பல்லுக்கும் பொருந்தும். வீட்டுக்கு வருகிற எந்தப் பணியாளரும், வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்பாசிரியரும், பையில் ஒரு டார்ச் வைத்திருந்து மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும். ஈறோரமாகச் சுண்ணாம்பு தேய்த்ததுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் அடி. அந்த நிலையில் ஃப்ளோரைடு தடவியே திருப்பிவிடலாம். குழியான பிறகுதான் ஊசி, மயக்கம், மெட்ராஸ் எல்லாம்.

வீட்டில் செய்யவேண்டியதை டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து செய்துகாட்டினார். குளியலறையில் நிற்க வைத்துத் தேய்க்கவேண்டும் என்று சட்டமில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்காரட்டும், பிள்ளை அவள் மடியில் தலைவைத்துப் படுக்கட்டும், பின்னாலிருந்து கை வரட்டும். எதிரே நின்று பிரஷ்ஷை நீட்டினால் அது தாக்க வருவதுபோல் தெரியும். புதினா வாசனைப் பேஸ்ட் பல பிள்ளைகளுக்கு நாக்கை எரிக்கும், வாசனையில்லாததைத் தேடிப் பிடிக்கவேண்டும். மூன்று வயதுக்குள் என்றால் அரிசிமணி அளவு பேஸ்ட், ஆறுவரை பட்டாணி அளவு. துப்பத் தெரியாத பிள்ளைக்கு எந்த வயதிலும் பூச்சாகத் தொட்டால் போதும், நனைத்த துணியால் துடைத்துவிடலாம். கரியும் செங்கல்பொடியும் வேண்டாம், அது பல்லின் மேலோட்டைச் சுரண்டும். கடிக்கிற பிள்ளையின் வாயில் விரலை விடாமல், இன்னொரு பிரஷ்ஷின் தடித்த கைப்பிடியைக் கடைவாயில் கொடுத்துவிட்டு மறுபக்கம் தேய்க்கலாம். முதல் நாள் இரண்டு வினாடிதான் முடிந்ததா? சரி. மறுநாள் மூன்று.

அக்கா அந்த இரண்டு வினாடியிலிருந்துதான் தொடங்கினாள். ஒரு நிமிடம் எட்ட ஏழு மாதம் ஆனது. இடையில் ஒரு காய்ச்சல் வந்து எல்லாம் கலைந்து, மறுபடி இரண்டு வினாடிக்கே திரும்பினாள். அவள் அலுப்பைக் காட்டி நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாள் தவிர. அன்றைக்குப் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அவன் வந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான், அவள் வலது கன்னத்தை.

2025 ஜனவரியில் காந்திமதி இறந்துபோனது. ஊரே திரண்டு போய் அழுத நாள் அது. அவனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வெள்ளிக்கிழமைகளில் வேறு வழியாக அழைத்துப் போகிறோம். சந்நிதித் தெருப்பக்கம் திரும்பும்போதெல்லாம் “யானை” என்பான். இப்போதும் காலையில் பாய்மேல் படுத்துத் தலையை அக்கா மடியில் சாய்த்ததும், வலது கையைத் தும்பிக்கைபோல் மேலே தூக்குகிறான். அக்கா “பைய” என்று சொல்லுமுன்பே வாய் திறந்துவிடுகிறது. உள்ளே கறுத்த பல் நான்கில் ஒன்று போன மாதம் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் புதுப் பல்லின் விளிம்பு, ரம்பம்போல், வெள்ளையாகத் தெரிகிறது.